ஒளிரும் பாக்டீரியா எப்போது விளக்கைப் போடுகிறது? வீட்டில் அளந்து பார்த்த பதிவு

ஒருவழியாக வரைபடம் வந்துவிட்டது. ஒரே படத்தில் இரண்டு கோடுகள். ஒன்று குப்பிக்குள் பாக்டீரியா எவ்வளவு பெருகியிருக்கிறது என்று காட்டும் கலங்கல் கோடு. அது தொடக்கத்திலிருந்தே சீராக ஏறுகிறது. மற்றது அவை விடும் வெளிச்சம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தரையோடு கிடந்துவிட்டு, அப்புறம் செங்குத்தாக எழுகிறது. பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் மீன் பெட்டியையும் மீன் தொட்டிப் பம்பையும் வைத்துக்கொண்டே இதை எடுக்க முடிந்தது. அதனால் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பள்ளித் திட்டப்பணிக்கு யாராவது செய்ய நினைத்தால் பாதிக் காசு மிச்சமாகும்.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்சுற்றுப் போர்டு சோதிக்கும் வேலை. அக்கா மகள் படிவம் 6இல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) உயிரியல் எடுத்திருக்கிறாள். பாக்டீரியா தன் மரபணுக்களை எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதைப் பாடமாகப் படித்துவிட்டு, "மாமா, இதைக் கண்ணால பார்க்க முடியாதா?" என்று கேட்டாள். பெரும்பாலான மரபணு வேலையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒளிரும் கடல் பாக்டீரியாவில் முடியும். மரபணு திறந்தால் நொதி உருவாகும், நொதி உருவானால் வெளிச்சம் வரும். வெளிச்சத்தை அளப்பது எனக்குத் தெரிந்த வேலை.

விஷயம் இவ்வளவுதான். கடல்நீரில் தனித்தனியாக மிதக்கும்போது இந்தப் பாக்டீரியாக்கள் அநேகமாக இருட்டாகவே இருக்கும். ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன வேதிப்பொருளை வெளியே கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டம் பெருகப் பெருக அது சுற்றியுள்ள நீரில் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும் அதுவே செல்லுக்குள் திரும்பிப்போய், வெளிச்சம் தரும் லூசிஃபெரேஸ் நொதிக்கான லக்ஸ் மரபணுக்களைத் திறந்துவிடும். நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1970இல் இதன் அடிப்படையை எழுதினார்கள். அவர்கள் கையாண்ட முறையைத்தான் கடைசியில் நாங்களும் கையாண்டோம், கருவிகள் மட்டும் மலிவு.

கணவாய்

பாக்டீரியாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. புதிதாகப் பிடித்த கடல் கணவாயின் தோலிலேயே இருக்கும். ஆனால் பசாரில் மீன்காரர்கள் எல்லாவற்றையும் குழாய் நீரில் கழுவிவிடுவார்கள். இந்தப் பாக்டீரியாக்களுக்கு உப்பு இல்லாமல் ஆகாது. நன்னீர் பட்டால் செல் ஊதி வெடித்துப் போகும். குழாய் நீரிலுள்ள குளோரின் வேறு. முதலில் வீட்டருகே வாங்கிய கணவாய் நாறியதுதான் மிச்சம், ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. அப்புறம் விடிகாலையில் பத்து மாவுங் பக்கம் போய், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே "தா பாயா சூசி, பாங்" என்று சொல்லி வாங்கினேன். கழுவாமல் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, பார்வையிலேயே கேட்டார். அரை கிலோ 14 வெள்ளி (ரிங்கிட்).

அகலமான தட்டில் ஒரு லிட்டருக்கு 30 கிராம் உப்பு கலந்த நீரை ஊற்றி, கணவாய் பாதி மூழ்கும்படி வைத்தோம். மேல்பக்கத் தோலில் காற்றுப் பட வேண்டும், அங்கேதான் ஒளிரும். மேலே பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தி, பனிக்கட்டி போட்ட மீன் பெட்டிக்குள் சுமார் 18 டிகிரியில் விட்டோம். ஐஸ்பெட்டிக்குள் (வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி) வைத்தால் குளிர் அதிகம், எல்லாம் மெதுவாகிவிடும். நம் ஊர் அறை வெப்பத்தில் வைத்தாலோ அழுகல் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

மறுநாள் இரவு குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். கண் பழகாமல் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கொட்டிவிடுவது சுலபம். பத்து நிமிடத்துக்கு அப்புறம்தான் துடுப்போரம் கடுகளவு நீலப்பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே சீராக எரியும். இரவில் கடலோரத்தில் நீரைக் கலக்கினால் பொறி பறக்குமே, அது மிதவை உயிரிகளின் வேலை, இது வேறு. கைப்பேசியில் 30 நொடி திறந்து வைத்துப் படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரிவதைவிட நன்றாகவே விழுகிறது.

தட்டு வளர்ப்பு

ஒளிரும் இடத்தில் பல்குச்சி நுனியைத் தொட்டு, வளர்ப்புத் தட்டில் கோடு இழுக்க வேண்டும். வளர்ப்பூடகத்துக்குப் பழைய செய்முறை ஒன்று உண்டு: கடல்நீர் 750 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 250 மி.லி., பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 3 கிராம், கிளிசரின் 3 மி.லி. தட்டாக உறைய வைக்க அகார் 15 கிராம். பெப்டோனை (செரித்த புரதத் தூள்) இணையத்தில் 38 வெள்ளிக்கு வாங்கினேன். கிளிசரின் ஃபார்மசியில் 7 வெள்ளி. அகார், மளிகைக் கடையில் புட்டிங் செய்ய விற்கும் அதே அகார் அகார் தூள்தான். இனிப்பும் நிறமும் கலக்காததா என்று பார்த்து வாங்க வேண்டும். ஈஸ்ட் சாற்றுக்குப் பதில் அலமாரியில் இருந்த மார்மைட்டை (ரொட்டியில் தடவும் ஈஸ்ட் பசை) போட்டேன். பாக்டீரியா குறையொன்றும் சொல்லவில்லை. ஆனால் மார்மைட் ஊடகத்தைப் பழுப்பாக்கிவிடும், பழுப்பு நிறம் நீல வெளிச்சத்தை விழுங்கும். தட்டுக்குப் பரவாயில்லை. அளவெடுக்கும் குப்பிக்கு அதன் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

கடல்நீரைத் தெலுக் பஹாங் பக்கம் எடுத்தோம். மழைக்கு அடுத்த நாள் எடுத்த நீரில் உப்பு குறைவாக இருந்தது. மீன் தொட்டிக் கடையில் விற்கும் உப்புமானியை மிதக்கவிட்டு, மீன் தொட்டி உப்பைச் சேர்த்து ஒப்படர்த்தியை 1.022க்குக் கொண்டுவந்தேன். சமையல் உப்பு மட்டும் போட்டாலும் வளர்கிறது, எங்கள் தட்டில் வெளிச்சம் மங்கல்.

குக்கரில் 20 நிமிடம் முழு அழுத்தத்தில் வேகவைத்தால் கிருமி நீங்கிவிடும். அதோடு கடல்நீரிலுள்ள உப்புகள் சூட்டில் திரண்டு, ஊடகம் அரிசி கழுவிய நீரைப் போல் வெளுத்துவிடும். தட்டுக்கு அது பிரச்சினை இல்லை. கலங்கலை அளக்கப் போகிற குப்பிக்கு அதுதான் பெரிய பிரச்சினை. பாக்டீரியா போடுவதற்கு முன்பே கலங்கல் இருந்தால் எதை அளப்பது? வழி இது: முதலில் பெப்டோனோடு ஒரு கொதி, ஓர் இரவு தெளிய விடுவது, காப்பி வடிதாளில் வடிப்பது, அதன்பின் குக்கர். இப்படிச் செய்தால் இரண்டாவது சூட்டில் மிகக் கொஞ்சமே திரள்கிறது. (அந்தக் குக்கர் இனிமேல் சமையலறைக்குத் திரும்பாது. பழையதுதான் என்றாலும் வீட்டில் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.)

முதல் தட்டுகளை ஒரு பாக்டீரியா முழுக்கப் போர்த்திவிட்டது. விப்ரியோ என்ற கடல் பாக்டீரியா வகையில் சில ஈரமான அகார் மேல் தவழ்ந்து பரவும், ஒரே இரவில் தட்டின் ஓரம்வரை போய்விடும். அதற்கடியில் எந்தக் காலனி ஒளிர்கிறது என்று பிரிக்கவே முடியாது. அகாரை லிட்டருக்கு 30 கிராமாக்கி, ஊற்றிய தட்டுகளை மூடியைச் சற்றே விலக்கி ஒரு மணி நேரம் உலர்த்தியதும் தவழல் நின்றது. ஒளிரும் காலனியைத் தொட்டுப் புதுத் தட்டில் கோடு, அதில் நன்றாக ஒளிர்வதைத் தொட்டு மறுபடி கோடு. தட்டில் எல்லாக் காலனியும் ஒரே அளவாக ஒளிரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மங்கலான காலனிகள் நடுநடுவே முளைத்துக்கொண்டே இருக்கும், அவற்றை விட்டுவிட வேண்டும். ஒளிராத வெள்ளைக் காலனி ஒன்றையும் தனியாக எடுத்து வைத்தோம். பின்னால் அது பெரிய உதவி.

கையுறை கட்டாயம். கணவாயில் மனிதனுக்கு நோய் தரும் விப்ரியோக்களும் இருக்கலாம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே கூடாது. முடிந்த தட்டுகளையும் குப்பிகளையும், பத்தில் ஒரு பங்கு குளோராக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச்) கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்ட பிறகுதான் கொட்டினோம்.

குளிர் பெட்டி

பின்கட்டில் பகல் 31 டிகிரி, இரவு 28. எங்களுக்குத் தேவை 24. மீன்காரரிடம் 3 வெள்ளிக்கு வாங்கிய பாலிஸ்டைரீன் பெட்டியை நடுவில் அட்டை வைத்து இரண்டாகத் தடுத்தேன். ஒரு பக்கம் உறைந்த அரை லிட்டர் நீர்ப் போத்தல்கள், மறுபக்கம் குப்பி. தடுப்பில் கணினி விசிறி ஒன்று. வெப்பம் 24.3க்கு மேல் போனால் வெப்பக் கட்டுப்பாட்டுப் போர்டு விசிறியை ஓட்டும், குளிர்காற்று இந்தப் பக்கம் வரும், 23.8இல் நின்றுவிடும். போர்டு 9 வெள்ளி, விசிறி 6. போத்தல்களை ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

வெப்ப உணரியைக் காற்றில் தொங்கவிட்டால் சரிப்படாது. காற்று 24 என்று காட்டும்போது குப்பிக்குள் 26 இருந்தது, பம்பு உள்ளே தள்ளுவது பின்கட்டுச் சூட்டுக் காற்றுதானே. உணரியை நீர் நிரப்பிய இன்னொரு குப்பிக்குள் மூழ்கடித்து, பம்பின் காற்றுக்குழாயையும் பனிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பியபின் நிலைத்தது.

கண் வைத்த பெட்டி

முதலில் ஒளியை மின்னோட்டமாக்கும் ஃபோட்டோடையோடும், அதைப் பெருக்கும் ஆப்பாம்ப் சில்லும் வைத்து நானே ஒரு பெருக்கி செய்தேன். தொழிற்சாலைப் பழக்கம். 100 மெகா ஓம் தடை போட்டால் போர்டின் மேலுள்ள ஈரமே மின்னோட்டத்தைக் கசியவிடுகிறது, பினாங்கு ஈரக்காற்றில் அது காலைக்கு ஓர் அளவு, மாலைக்கு ஓர் அளவு. அதை ஓரமாக வைத்துவிட்டு டிஎஸ்எல் 2591 என்ற ஒளி உணரியை 32 வெள்ளிக்கு வாங்கினேன். பெருக்கம், இலக்கமாக்கல் எல்லாம் அந்தச் சில்லுக்குள்ளேயே. பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, ஓர் அளவுக்கு 600 மில்லிநொடி கொடுத்தால் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் வெளிச்சத்தையும் எண்ணிவிடும். உணரியையும் பம்பையும் நிரல்படி ஓட்டும் சின்னக் கணினிப் போர்டு, ஆர்டுயினோ நானோ நகல், 18 வெள்ளி.

ஒரே உணரி இரண்டு வேலையும் செய்கிறது. 25 மி.மீ. அகலக் கண்ணாடிக் குப்பிக்கு ஒரு பக்கம் உணரி, எதிர்ப்பக்கம் சிவப்பு எல்இடி. எல்இடியை அணைத்து, பெருக்கத்தை ஏற்றி அளந்தால் பாக்டீரியாவின் வெளிச்சம். எல்இடியைப் போட்டு, பெருக்கத்தை இறக்கி அளந்தால் கலங்கல். வெறும் ஊடகத்தில் கிடைத்த எண்ணை இப்போதைய எண்ணால் வகுத்து மடக்கை எடுத்தால் சரி. வெள்ளை எல்இடி வேண்டாம். அதன் மஞ்சள் பூச்சு அணைத்த பிறகும் சற்று நேரம் மினுங்கும் என்பது என் சந்தேகம், சிவப்பில் அந்தப் பேச்சே இல்லை.

இருட்டு அளவு பூச்சியத்துக்கு வரவே மறுத்தது. பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடினேன், விளிம்புக்கெல்லாம் டேப் ஒட்டினேன், அறை விளக்கை அணைத்தேன், அப்போதும் 300 சொச்சம் எண்ணிக்கை. பாக்டீரியா இல்லாத வெறும் குப்பி அது. கடைசியில் பார்த்தால் ஆர்டுயினோவின் மேலிருந்த பவர் எல்இடி, கம்பி வரும் துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆணி முனையளவு விளக்குதான். அதைச் சூட்டுக்கோலால் பிடுங்கி எடுத்து, துளையை வளைந்த குழாயாக மாற்றி, உட்சுவருக்கு மங்கிய கறுப்பு பெயின்ட் அடித்ததும் 4, 5 என்று இறங்கியது. கறுப்பு டேப்பை நம்ப வேண்டாம். சில கறுப்புப் பிளாஸ்டிக்குகள் அகச்சிவப்பை விட்டுவிடும், உணரி அதையும் எண்ணும். அலுமினியத் தாள் ஒரு சுற்று மேலே போட்டால் நிம்மதி.

பம்பை நிறுத்தினால்

இனி முக்கியமான இடம். கலங்கலை அளக்கும்போது காற்றுக் குமிழி எல்இடி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பம்பை நிறுத்தி, 30 நொடி பொறுத்து, முதலில் கலங்கல், அப்புறம் வெளிச்சம் என்று நிரல் எழுதியிருந்தேன். முதல் ஓட்டத்தில் வெளிச்சக் கோடு அழகாக ஏறி, கூட்டம் நன்றாகப் பெருகியதும் திடீரென்று பாதியாகச் சரிந்தது. அக்கா மகள் உற்சாகமாகிவிட்டாள். "மாமா, ஜீன் ஆஃப் ஆயிடுச்சு!"

அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மடிக்கணினித் திரையில் எண்களை ஓடவிட்டு, பம்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பம்பு நின்று 40 நொடியில் எண்ணிக்கை பாதி. இரண்டு நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு. மறுபடி பம்பைப் போட்டதும் இரண்டு மூன்று நொடியில் முழு வெளிச்சம் திரும்பியது, ஒரு கணம் முன்பைவிடக் கூடுதலாகவே பளிச்சிட்டு அடங்கியது.

மரபணு திறந்து, அதன் நகல் எழுதப்பட்டு, நொதி கட்டப்பட நிமிடக்கணக்காகும். மூன்று நொடியில் அது நடக்காது. ஆக, இது மரபணு இல்லை, ஆக்சிஜன். லூசிஃபெரேஸ் ஒளிர ஆக்சிஜன் வேண்டும். கூட்டம் அடர்ந்துவிட்டால் குப்பியிலுள்ள ஆக்சிஜனை ஒரு நிமிடத்துக்குள் மூச்சாகவே தீர்த்துவிடுகிறது. நொதி அங்கேயே இருக்கிறது, ஆக்சிஜன்தான் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் நேரத்தை வைத்துத்தான் பிரித்தோம். நொடியில் ஏறி இறங்கினால் வேதிவினை, அரை மணிக்கும் மேல் எடுத்தால் மரபணுவைச் சந்தேகிக்கலாம். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்ணால் பார்த்ததே இந்தத் திட்டத்தின் பலன் என்பேன். பாடப்புத்தகத்தில் இரண்டுமே "கட்டுப்பாடு" என்ற ஒரே அத்தியாயத்தில்தான் வருகின்றன.

நிரலைத் திருப்பினேன். பம்பு ஓடும்போதே வெளிச்சம், அதன்பின் பம்பை நிறுத்தி 12 நொடியில் கலங்கல், உடனே பம்பு. குமிழியால் வெளிச்ச அளவு கொஞ்சம் ஆடும், பத்து அளவுகளின் சராசரி எடுத்தால் போதும். காற்றோட்டத்தையும் கூட்டினேன், 22 வெள்ளிப் பம்பில் இரண்டு வாய் இருந்தது, இரண்டையும் ஒரே குப்பிக்குக் கொடுத்தேன். நுரை பொங்கியதற்கு ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய்.

வரைபடம்

இரவு வளர்த்த வளர்ப்பை 200இல் ஒரு பங்காகப் புதிய ஊடகத்தில் கலந்தோம். தொடக்கக் கலங்கல் 0.03. வெளிச்சம் 90 எண்ணிக்கை, அது முந்தைய இரவில் செய்த நொதியின் மிச்சம். கலங்கல் 50 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தது. வெளிச்சம் ஏறவில்லை, மாறாக ஒன்றரை மணி நேரத்தில் 40க்கு இறங்கி அங்கேயே நின்றது. செல்கள் நாலு மடங்கான பிறகும் வெளிச்சம் கூடவில்லை என்றால், புதிதாகப் பிறந்த செல்கள் நொதியைச் செய்யவே இல்லை என்று பொருள்.

இரண்டு மணி ஐம்பது நிமிடத்தில், கலங்கல் 0.3 இருக்கும்போது, 40 என்பது 55 ஆனது. அடுத்த அளவில் 80. அப்புறம் நிற்கவே இல்லை. ஐந்தாவது மணியில் 40,000. அந்த நேரத்துக்குள் கலங்கல் 0.3இலிருந்து 1.8க்குத்தான் போயிருந்தது. செல்கள் ஆறு மடங்கு, வெளிச்சம் ஆயிரம் மடங்கு. ஒரு செல்லுக்கு என்று வகுத்தால் 160, 170 மடங்கு. செங்குத்து அச்சை மடக்கை அளவில் போட்டால்தான் இது தெரியும். சாதாரண அளவில் போட்ட முதல் படத்தில் கலங்கல் கோடு அடியோடு ஒட்டிக்கொண்டு ஒன்றும் புரியவில்லை.

பழைய ஊடகம்

இதுவரை பார்த்தது கூட்டம் பெருகினால் வெளிச்சம் வருகிறது என்பது மட்டுமே. நீரில் ஏதோ சேர்வதால்தான் வருகிறது என்று காட்ட, பாக்டீரியா வளர்ந்து முடித்த பழைய ஊடகத்தை வடிகட்டி, புதிதில் கலந்து பார்க்க வேண்டும். வேறொரு விளக்கமும் உண்டு. ஊடகத்தில் முதலிலிருந்தே ஏதோ ஒரு தடைப்பொருள் இருக்கிறது, பாக்டீரியா அதைத் தின்று தீர்த்ததும் வெளிச்சம் வருகிறது என்று 1968இல் கெம்ப்னரும் ஹேன்சனும் எழுதியிருந்தார்கள். பழைய ஊடகத்தைக் கலந்து வெளிச்சம் முந்தி வந்தால் அது இரண்டு விளக்கத்துக்கும் பொருந்தும். இங்கேதான் அந்த ஒளிராத வெள்ளைக் காலனி. அது வளர்ந்த பழைய ஊடகத்தையும் அதே அளவில் கலந்து மூன்றாவது குப்பி வைத்தோம். தடைப்பொருளைத் தின்பதுதான் விஷயம் என்றால், கணவாய் மேல் வாழும் எந்தப் பாக்டீரியாவும் அதைத் தின்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வடிகட்டுவது எரிச்சலான வேலை. 0.22 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டி பத்து 35 வெள்ளி. அடர்ந்த வளர்ப்பை நேராகத் தள்ளினால் 3 மி.லி.யில் அடைத்துக்கொள்ளும். ஐஸ்பெட்டியில் அடியில் படிய விட்டு, மேல்நீரைக் காப்பி வடிதாளில் வடித்து, அப்புறம் தள்ளியதில் ஒரு வடிகட்டிக்கு 15 மி.லி. வந்தது.

அப்படிப் படியவிட்டு எடுத்த நீரில் முதல் முறை எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிஎச் தாளைத் தொட்டுப் பார்த்தால் 8.5. பெப்டோனைத் தின்ற பாக்டீரியா அம்மோனியாவை வெளியே விடும், ஊடகம் காரமாகிவிடும். செல்கள் கசியவிடும் அந்தச் சமிக்ஞைப் பொருளை எபர்ஹார்டும் குழுவினரும் 1981இல் பிரித்தெடுத்தார்கள், அதில் லாக்டோன் என்ற வளையம் ஒன்று உண்டு. காரத்தில் லாக்டோன் வளையம் உடைந்துபோகும், உடைந்தது வேலை செய்யாது. சாடியில் நாங்கள் தெளிய வைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது உடைந்துகொண்டிருந்திருக்கிறது. அடுத்த முறை வெளிச்சம் உச்சத்துக்கு வந்ததும் வளர்ப்பை எடுத்து, சொட்டுச் சொட்டாகக் காடி விட்டு பிஎச்சை 6க்கு இறக்கிப் படிய வைத்தோம். கலப்பதற்குச் சற்று முன்பு சமையல் சோடாவால் 7க்கு மேல் ஏற்றினோம். வெள்ளைக் காலனியின் நீருக்கும் அதே காடி, அதே சோடா.

பாதிக்குப் பாதி பழைய ஊடகம் கலந்த குப்பியில் சத்து குறைவு, இரட்டிப்புக்கு 60 நிமிடம் ஆனது. இருந்தும் வெளிச்சம் ஒன்றே முக்கால் மணியிலேயே எழுந்தது, கலங்கல் 0.1 மட்டுமே. வெள்ளைக் காலனியின் நீர் கலந்த குப்பியும் அதே 60 நிமிட வேகத்தில்தான் வளர்ந்தது. வெளிச்சம் எழுந்தது மூன்று மணி பத்து நிமிடத்தில், கலங்கல் 0.27. ஏறக்குறைய புதிய ஊடகத்தின் கணக்குதான். மூன்று குப்பிக்கும் உணரி ஒன்றே என்பதால் வெவ்வேறு நாட்களில் ஓட்டினோம், அது ஒரு குறை.

சர்க்கரை

"லாக் ஓப்பரான்ல குளுக்கோஸ் இருந்தா மத்தது மூடிக்கும்ல, இதுலயும் அப்படியா?" என்று அக்கா மகள் கேட்டாள். லாக் ஓப்பரான் என்பது பால் சர்க்கரையைச் செரிக்கும் பாக்டீரியா மரபணுத் தொகுதி. நல்ல கேள்வி. நீல்சன், எபர்ஹார்ட், ஹேஸ்டிங்ஸ் 1972இல் இதையே ஒளிரும் பாக்டீரியாவில் பார்த்தார்கள். குளுக்கோஸ் வெளிச்சத்தை அமுக்கியது, குளுக்கோஸ் குறையும்போது செல்லுக்குள் கூடும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைச் சேர்த்ததும் திரும்பியது. ஃபார்மசிக் குளுக்கோஸ் தூள் லிட்டருக்கு 5 கிராம் போட்டோம். கலங்கல் வழக்கத்தைவிட வேகமாக ஏறியது, வெளிச்சம் எழவே இல்லை. ஆனால் இதை வெற்றி என்று சொல்ல முடியவில்லை. பிஎச் 5.5க்கு இறங்கியிருந்தது. சர்க்கரையைப் புளிக்க வைத்து அமிலம் விட்டால் வெளிச்சம் அணையத்தானே செய்யும்.

அமிலத்தை அடக்கக் கால்சியம் கார்பனேட் வேண்டும். சிப்பி ஓட்டை இடித்துத் தூளாக்கி, நைலான் துணிப் பையில் கட்டித் தொங்கவிட்டோம், தூளாகவே போட்டால் கலங்கல் அளவு கெட்டுவிடும். பிஎச் 6.8க்குக் கீழே போகவில்லை. இப்போது வெளிச்சம் எழுந்தது, நாலரை மணியில், கலங்கல் 1க்கு மேல் போன பிறகு. தாமதத்துக்குக் காரணம் குளுக்கோஸா, மிச்சமிருந்த அமிலமா என்று அடித்துச் சொல்ல சைக்ளிக் ஏஎம்பி வேண்டும், அதன் விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். திட்டப்பணியில் இதை முடிவாக எழுதாமல், பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னேன்.

செலவும் அடுத்த முறையும்

தூக்கி வைத்த ஃபோட்டோடையோடைச் சேர்க்காமல், வீட்டில் இருந்ததையும் கணக்கில் எடுக்காமல், 200 வெள்ளிக்குள் முடிந்தது. அதில் வீணானது என்றால் வடிகட்டிகளில் பாதி.

அடுத்த முறை மூன்று உணரி வாங்கி மூன்று குப்பியையும் ஒரே பெட்டியில் ஒரே நேரத்தில் ஓட்டுவேன். இந்த உணரிகளின் முகவரி எல்லாம் ஒன்றே என்பதால் நடுவில் அவற்றை ஒவ்வொன்றாக இணைத்துவிடும் மல்டிபிளெக்சர் போர்டு ஒன்று வேண்டும், பத்து வெள்ளிக்குள் கிடைக்கும். தெளிய வைப்பதற்குப் பதில் சுழற்றிப் பிரிக்க ஒரு சின்ன மோட்டார் சாதனம். கடல்நீருக்கு அலையாமல் முதலிலிருந்தே மீன் தொட்டி உப்பு. மரபணுதான் என்று உறுதியாக நிறுவ, புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்தை நடுவில் சேர்த்து வெளிச்சம் ஏறுவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை வீட்டில் செய்ய மாட்டேன், மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவைப் பின்கட்டில் வளர்க்கும் ஆசை எனக்கில்லை. ஆசிரியர் சம்மதித்தால் பள்ளி ஆய்வகத்தில் அவர் முன்னிலையில் செய்யலாம்.

நன்றாக ஒளிரும் காலனியை ஐந்தில் ஒரு பங்கு கிளிசரின் கலந்து உறைபெட்டியில் சின்னக் குழாய்களில் வைத்திருக்கிறோம். வீட்டு உறைபெட்டிக் குளிரில் எவ்வளவு நாள் தாங்கும் என்ற நம்பிக்கை இல்லாததால் அக்கா மகள் மாதம் ஒருமுறை தட்டில் புதுப்பித்து, மங்கலானதைக் கழித்துவிடுகிறாள். பம்பின் ரப்பர் வால்வு உப்புக் காற்றில் விறைத்துவிட்டது, அடுத்த ஓட்டத்துக்கு முன் அதை மாற்ற வேண்டும்.